சோடியம் யார் வீட்டுப் பெண்

நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பரசுராமனின் வேலை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா அவன். முறை மாறி மாறி வரும் வேலை என்பதால் பல நாள் காலையில் வீட்டில்தான் இருப்பான். பித்தளைக் குடத்தைத் தோளில் ஏற்றி, கையில் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு அவன் தெருவில் வரும்போது ஈரம் சட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்திருக்கும். கிணற்றடியில் ஆம்பளை என்று வழி விடுவார்கள். அது மரியாதையா கேலியா என்பதை அவன் விசாரித்ததில்லை.

“இன்னா சார், தண்ணி மட்டுந்தானா, சமையலும் நீங்கதானா?” என்று கேட்டாள் அஞ்சம்மாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள்.

“கொழம்பு அவங்க. தண்ணி நானு.”

“குடுத்து வெச்ச மகராசி. எங்க ஊட்டு ஆளு கொடத்தத் தொட்டா கை அழுகிடும்னு நெனச்சிக்கினு கீறாரு.”

பரசுராமன் சிரித்தான். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும்தான் வரும். அதற்குமேல் குடம் கனக்கும்.

அவன் மனைவி தாயாரம்மாள், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நெல் விளையும் நிலம் வைத்திருந்த சடையப்பனின் கடைசி மகள். அண்ணன்கள் இருவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். இவள் திரும்பவில்லை. சென்னையில் விடுதியில் தங்கி ரசாயனத்தில் பட்டம் வாங்கினாள். பெண்ணை ஏன் இவ்வளவு தூரம் படிக்கவைக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது சடையப்பன், “நானா படிக்கவெச்சேன்? அது படிச்சிக்கினே போவுது, நான் பீஸ் கட்டிக்கினே போறேன்” என்றார்.

பரசுராமன் வீட்டில் பெண் கேட்டு வந்தபோது அவளுக்கு ஊர்க் கணக்கில் வயது கடந்திருந்தது. அவன் அம்மா சீர் வரிசை பற்றிப் பேச்சை எடுத்ததும் தாயாரம்மாள் உள்ளேயிருந்து வந்து நின்றாள். “நைனா, எனக்கு நகை போடணும்னா போடுங்க, அது எனக்கு. அவங்களுக்குன்னு எதுவும் தரவேணாம். அப்படி வேணும்னா வேற எடம் பாத்துக்கட்டும்.” வந்தவர்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார்கள். பஸ் வர நேரமானதால் கோபம் ஆறித் திரும்பி வந்தார்கள் என்று பரசுராமன் இன்றைக்கும் சொல்வான். உண்மையில் அவன்தான் திருப்பிக் கூட்டிவந்தான்.

அவளை நல்லவள் என்று சொல்வதைவிடப் பிடிவாதக்காரி என்று சொல்வது பொருந்தும். நல்லவளாகவும் இருந்தாள், ஆனால் அது இரண்டாவதாகத்தான் கண்ணில் படும்.

அவள் வேலை பார்த்த பள்ளியை ஊரின் நிலக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். சம்பளத்துக்கு அரசாங்க உதவி வந்தாலும், யாரை வைப்பது யாரை அனுப்புவது என்பது கமிட்டியின் கையில் இருந்தது. தாயாரம்மாளின் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. பரிசோதனைக்கூடம் என்று சொல்லப்பட்டது ஒரு நீள அறை, ஒரு மர பீரோ, விரிசல் விட்ட சில சோதனைக் குழாய்கள், ஒரு சாராய விளக்கு. மீதியைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

பொருளின் நிலைகளைப் பற்றிப் பாடம் எடுத்தபோது சூடத்தைத் தட்டில் வைத்து, அது உருகாமலேயே ஆவியாவதைக் காட்டினாள். ஐஸ் வேண்டும் என்றபோது சின்னப்பொண்ணு கையைத் தூக்கினாள். சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பெண். அவள் அப்பா ஏரியில் இறால் பிடிப்பவர். இறால் வாங்க வரும் லாரியில் உமி போட்டு மூடிய ஐஸ் கட்டி வரும். மறுநாள் அவள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்தாள். உள்ளே தண்ணீரும் நாலு உமியும் இருந்தன.

“பஸ் ஏறும்போது திடமாத்தான் இருந்துச்சு டீச்சர்” என்றாள்.

“சரி. பாடத்தைப் பஸ்ஸுலயே நடத்தி முடிச்சிட்டே” என்றாள் தாயாரம்மாள். வகுப்பு சிரித்தது.

அதற்கடுத்த பாடம் வேதிப் பிணைப்பு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பள்ளியில் அயனிப் பிணைப்பைக் கல்யாணமாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இவளுக்கு முன்பிருந்த துளசிராமன் வாத்தியார் தொடங்கிவைத்தது. சோடியம் பெண் வீடு, கடைசிச் சுற்றில் ஒரே ஓர் எலெக்ட்ரான் வைத்திருக்கிறது. குளோரின் மாப்பிள்ளை வீடு, கடைசிச் சுற்றில் ஏழு இருக்கிறது, எட்டாக ஒன்று குறைகிறது. பெண் வீடு கொடுக்கிறது, மாப்பிள்ளை வீடு வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின், வாங்கியது எதிர்மின். ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் சாப்பாட்டு உப்பு. அக்கா படித்ததைத் தங்கையும் படித்தாள், எல்லோரும் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கினார்கள். ரசாயனத்தை ரசாயனமாகவே சொல்ல வேண்டும் என்று மற்ற விஷயங்களில் கறாராக இருந்த தாயாரம்மாளும், பிள்ளைகளுக்கு இது பழகிப்போனது என்று அதையே எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து சின்னப்பொண்ணு எழுந்தாள். “டீச்சர், எங்க பக்கம் மாப்புள ஊட்டுக்காரங்கதான் பரிசம் போடுவாங்க. அப்ப சோடியம் யாரு?”

வகுப்பு கலகலத்தது. முன் பெஞ்சில் இருந்த முத்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். கமிட்டி மெம்பர் தணிகாசலத்தின் மகள் அவள். “அதெல்லாம் உங்க குப்பத்துல. எங்க பக்கம் பொண்ணு ஊட்டுலதான் குடுக்கணும்.”

“எங்கம்மா சொல்லும், முன்னாடி உங்க ஊருலயும் பரிசந்தானாம். ஸ்கூட்டர் வந்தப்புறம் மாத்திக்கிட்டீங்களாம்.”

“உங்கம்மா வந்து பாத்துச்சா?”

“மீன் கூடை எடுத்துக்கினு உங்க தெருவுக்குள்ளதான வருது. பாக்காம இன்னா.”

தாயாரம்மாள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். பேசாமல் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம்.

“யார் குடுத்தா என்ன” என்றாள். “குடுத்தவங்க ஒரு பக்கம், வாங்கினவங்க ஒரு பக்கம். அப்படிச் சேர்ந்ததைத் தண்ணியில போட்டுப் பாருங்க, பிரிஞ்சிடும். சோடியம் தனி, குளோரின் தனி. சர்க்கரை அப்படி இல்ல. அதுல இருக்கிற அணுக்கள் குடுத்து வாங்கிச் சேரல, பங்கு போட்டுச் சேர்ந்திருக்கு. ஆளுக்கு ஒண்ணை நடுவுல வைக்கிறது, ரெண்டும் ரெண்டு பேருக்கும் சொந்தம். அதுக்குச் சகப்பிணைப்புன்னு பேர். தண்ணியில கரைஞ்சாலும் சர்க்கரை சர்க்கரையாவேதான் இருக்கும்.”

“அப்படி யாரு ஊட்டுல டீச்சர் கல்யாணம் நடக்குது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“எங்க வீட்டுல” என்றாள் தாயாரம்மாள். “தண்ணி அவர் தூக்குவார். சமையல் நான். சோறு ரெண்டு பேருக்கும்.”

இது நடந்த வாரமே முத்தம்மாளுக்கு நிச்சயம் பேச ஆட்கள் வந்தார்கள். தணிகாசலத்துக்கு ரயில் பாதைக்கு மேற்கே நெல் வயல்கள். அவற்றில் ஒரு பகுதியைத் தொழிற்பேட்டைக்கு என்று அளந்து கல் நட்டிருந்தார்கள். மாப்பிள்ளை டிப்ளமா படித்தவன். அந்தப் பேட்டையில் வரப்போகும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை நிச்சயம் என்று அவன் மாமன் சொல்லிக்கொண்டிருந்தார். வராத கம்பெனிக்குப் போய்வர இப்போதே ஸ்கூட்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தணிகாசலம் ஒத்துக்கொண்டுவிட்டார்.

வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. முத்தம்மாள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் மாமன் பேச்சுக் கொடுத்தார்.

“படிக்கிற பொண்ணாமே. இன்னாம்மா படிக்கிறே?”

“கெமிஸ்ட்ரி.”

“எங்க, அதுல ஒண்ணு சொல்லு, கேப்போம்.”

முத்தம்மாள் தட்டைப் பிடித்தபடியே, வாய்ப்பாடு ஒப்பிப்பவள் மாதிரி சொன்னாள்: “குடுத்து வாங்கிச் சேந்தது தண்ணியில போட்டா பிரிஞ்சிடும்.”

தட்டு மாற்றுகிற நேரத்தில் பிரிஞ்சிடும் என்று ஒரு சொல். மாமன் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல வார்த்தை கேட்க வந்த இடத்தில் இப்படிக் கேட்டுவிட்டுத் தட்டைத் தொடக் கூடாது என்றார். ஆடி போகட்டும், பார்க்கலாம் என்று எழுந்தார்கள். முத்தம்மாள் தெரியாமல் சொன்னாளா, தெரிந்துதான் சொன்னாளா என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அன்று சாயங்காலம் அவள் அம்மா அவளை அடித்தாள். அப்போதும் அவள் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை கங்கம்மாவின் அறைக்குத் தாயாரம்மாளைக் கூப்பிட்டார்கள். தணிகாசலம் பள்ளிக்கு வந்தால் தலைமையாசிரியையின் நாற்காலியில்தான் உட்காருவார். கங்கம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. எம் பொண்ணுக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?”

“அயனிப் பிணைப்புங்க.”

“அது இன்னா எழவோ, எனக்குத் தெரியாது. நல்ல நேரம் பாத்து, அம்மனுக்குப் பூ வெச்சிக் கேட்டு, தேடி வந்த எடம். பொண்ணு வாயில உப்பு, தண்ணி, பிரிஞ்சிடும்னு வருது. அவங்க மாமன் வெத்தலையத் தொடாம எழுந்து போறாரு. ஊரு பூரா ஒரே பேஜாராப் போச்சு.”

“நான் உப்பைப் பத்திச் சொன்னேங்க ஐயா.”

“உங்க ஊட்டுக்காரரு தண்ணி தூக்குறாரே, அதுவும் உப்புதானா?”

கங்கம்மா மேஜையின் மேல் இருந்த மணியை நகர்த்தி வைத்தாள்.

தணிகாசலம் குரலைத் தணித்துக்கொண்டார். கத்துகிற மனிதர் இல்லை அவர். “திங்கக்கெழம அதே க்ளாசுல, அதே பொண்ணுங்க முன்னால, நான் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. பெரியவங்க குடுக்கிறதக் குடுத்து வாங்குறத வாங்கிப் பண்ணி வைக்கிறதுதான் நெலைக்கும்னு சொல்லிடுங்க. நானும் வந்து உக்காந்து கேக்குறேன். விஷயம் முடிஞ்சிது. மாப்புள ஊட்டுலயும் சொல்லிக்குவேன், டீச்சரே தப்புன்னு ஒத்துக்கினாங்கன்னு. இல்லன்னா உங்க எடத்துக்கு வேற ஆளு. கமிட்டியில பேசிட்டேன். பர்மனெண்டும் ஆவல, சுலபந்தான்.”

“தப்பு இருக்கான்னு நான் பாக்குறேங்க. இருந்தா சொல்றேன். இல்லாததைச் சொல்ல மாட்டேன்.”

“தப்பு இருக்குதுன்னு நான் சொல்றேனே.”

“நீங்க சம்பந்தம் போச்சேன்னு சொல்றீங்க. நான் உப்புல தப்பு இருக்கான்னு பாக்குறேன்.”

தணிகாசலத்தின் முகம் இறுகியது.

தாயாரம்மாள் நிறுத்தவில்லை. “ஐயா, உங்க கல்யாணத்துல உங்கப்பா பரிசம் போட்டாராமே?”

“போட்டாரு. அந்தக் காலம். அதுக்கின்னா?”

“இப்ப நீங்க குடுக்குறீங்க. ஒரு தலைமுறைக்குள்ள குடுக்குறவங்களும் வாங்குறவங்களும் எடம் மாறிட்டாங்க. இதுல எதைப் பெரியவங்க வழக்கம்னு நான் போர்டுல எழுதுறது?”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “திங்கக்கெழம” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கங்கம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஒரு வார்த்ததான தாயாரு. வாயால சொல்லிட்டு மனசுல வேற வெச்சிக்கிறது. நான் இங்க உக்காந்துக்கினு எத்தன வார்த்த அப்படிச் சொல்லியிருக்கேன் தெரியுமா?”

“தெரியுங்கக்கா. அதனாலதான் அவர் வந்ததும் நீங்க எழுந்து நிக்கிறீங்க.”

சொன்ன பிறகு, இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம் என்று தாயாரம்மாளுக்குப் பட்டது. கங்கம்மா புருஷனை இழந்தபின் இந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிற பழக்கம் தாயாரம்மாளுக்கு இல்லை.

வீட்டில் பரசுராமன் தோள் வலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒத்தடம் கொடுக்க அவள் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்துக் கல்லுப்பைக் கொட்டினாள். நடந்ததை அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். அவன் கடைசி வரைக்கும் கேட்டான்.

“கெணத்தாண்ட அஞ்சம்மா கேக்குது, ‘சார், நீங்க சக்கரையாமே’ன்னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

“சிரிக்காத தாயாரு. தண்ணி தூக்குறது எனக்குக் கஷ்டமில்ல. நான் தூக்குறத க்ளாசுல சொல்லலாமான்னு என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

“கேக்கலை.”

“நடுவுல வெச்சிருக்கு, ரெண்டு பேருக்கும் சொந்தம்னு சொன்னியாம். உன் பக்கமா இழுத்து வெச்சிக்கினு எனக்கும் சொந்தம்னு சொல்லிக்கினு கீற.”

சட்டியில் உப்பு படபடவென்று பொரிந்தது. அவள் கரண்டியால் கிளறினாள். “தண்ணியில அப்படித்தாங்க இருக்கும்” என்றாள் மெதுவாக. “ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பங்கு போட்டுத்தான் சேருது. ஆனா ஆக்சிஜன் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வெச்சிக்கும்.”

“ஹைட்ரஜன் இன்னா பண்ணும்?”

“கொறையோட இருக்கும்.”

“உட்டுட்டுப் போவாதில்ல?”

“அவ்ளோ சுலபமாப் போவாது.”

“அதான் நானும் இங்கேயே உக்காந்துக்கினு கீறேன். ஒத்தடத்தப் போடு.”

அவள் எழுந்து துணியை எடுத்துவந்தாள். “தப்புதாங்க. உங்களைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்” என்றாள். அவளிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் அதற்குமேல் கிளறக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும்.

“இனிமே சொல்லிக்க. ஊருக்கே தெரிஞ்சிபோச்சு. ஆனா ரயில்வே குமாஸ்தான்னும் சேத்துச் சொல்லு. தண்ணிக்காரன்னு நெனச்சிக்கப் போறாங்க.” பிறகு கேட்டான்: “வேல போச்சுன்னா?”

“பள்ளிப்பட்டுல ஒரு ஸ்கூல்ல கேட்டுக்கினு இருந்தாங்க.”

“அங்கயும் ஒரு தணிகாசலம் இருப்பாரு.”

“அவருக்கும் ஒரு பொண்ணு இருக்கும்.”

பள்ளிப்பட்டு தினமும் போய்வருகிற தூரம் இல்லை; அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்றாகிவிடும். அது இருவருக்குமே தெரிந்ததுதான்.

அவள் உப்பைத் துணியில் கொட்டப் போனவள், அப்படியே நின்றாள். சட்டியின் அடி சிவக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. உப்பு உப்பாகவே இருந்தது. கல் உடைந்து சிறிதாகியிருந்ததே தவிர, ஒரு துளியும் உருகவில்லை. இதே சூட்டில் சர்க்கரை எப்போதோ பாகாகி, கருகி, புகைந்து போயிருக்கும்.

“இன்னா?” என்றான் பரசுராமன்.

“ஒண்ணு தப்பாத்தான் சொல்லியிருக்கேன்” என்றாள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. கல்லூரியில் எழுதியது, பரீட்சையில் மார்க்கு வாங்கியது. கொடுத்து வாங்கும் கல்யாணத்தின் மேல் இருந்த கோபத்தில் உப்பை அவமானப்படுத்திவிட்டாள், அவ்வளவுதான். அதைச் சொன்னால் தணிகாசலத்துக்குக் கொண்டாட்டமாகப் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் தப்பாகவே படித்துக்கொண்டு போவார்கள். யோசனையிலேயே ஒத்தடத்தை வைத்து அழுத்தினாள். சூடு தாங்காமல் பரசுராமன் இரண்டு முறை கத்திய பிறகுதான் கையை எடுத்தாள்.

திங்கட்கிழமை தணிகாசலம் சொன்னபடியே வந்தார். ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கங்கம்மா கதவோரம் நின்றாள். முத்தம்மாள் முன் பெஞ்சில் குனிந்த தலையோடு இருந்தாள். சின்னப்பொண்ணு பக்கத்தில் இருந்தவளின் காதில் எதையோ சொல்லிவிட்டு அடங்கினாள்.

தாயாரம்மாள் சாராய விளக்கை ஏற்றினாள். இரண்டு இரும்புக் கரண்டிகள். முதலில் சர்க்கரை. அது ஓரத்தில் ஈரமாகி, பிறகு தண்ணீராகி, மஞ்சளாகிப் பழுப்பாகிக் கருகியது. அறை முழுக்கத் திருவிழாக் கடையின் வாசனை. அடுத்தது உப்பு. படபடத்தது. கை வலிக்க வலிக்க அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள். உப்பு அப்படியே இருந்தது.

“போன வாரம் நான் ஒரு தப்புச் சொன்னேன்” என்றாள். “தண்ணியில பிரிஞ்சிடும்னு சொன்னேன், அது சரி. ஆனா நான் சொன்ன விதத்துல, உப்போட பிணைப்பு பலமில்லாததுன்னு நீங்க எடுத்துக்கிட்டிருப்பீங்க. அப்படி இல்ல. இது உருகணும்னா நம்ம அடுப்பெல்லாம் போதாது. கொல்லன் பட்டறை உலை மாதிரி வேணும். சர்க்கரை உருகினப்போ என்ன நடந்துச்சு? மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இருந்த பிடி விட்டுப்போச்சு. அது லேசான பிடி. உள்ள இருக்கிற பிணைப்பு அப்ப விடல. கருகினப்போதான் அது விட்டுச்சு. நோட்டுல திருத்திக்கங்க. தப்பு என்னுது.”

தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டுக்கினீங்களா எல்லாரும்? குடுத்து வாங்கிச் சேந்ததுதான் பலமானது. டீச்சரே சொல்லிட்டாங்க.”

“உப்பு பலமானதுன்னு சொன்னேங்க” என்றாள் தாயாரம்மாள்.

“ரெண்டும் ஒண்ணுதான.”

“இல்லைங்க. அதுதான் நான் பண்ணின இன்னொரு தப்பு. எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்கன்னு நானும் சொல்லிட்டேன்.” அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “சோடியம் எந்த வீட்டுப் பொண்ணும் இல்ல. குளோரின் மாப்பிள்ளை இல்ல. சோடியத்துக்கு வாய் கிடையாது, அதை யாரும் சம்மதமான்னு கேக்க வேண்டியதில்ல. உங்களுக்கு வாய் இருக்கு. அதனால இனிமே இந்த க்ளாசுல உப்பைக் கல்யாணம்னு யாரும் எழுதக் கூடாது. எழுதினா மார்க்கு இல்ல.”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அதுவும் பாதியில் நின்றுபோனது.

தணிகாசலம் எழுந்தார். “டீச்சரம்மா, நான் சொல்லச் சொன்னது இது இல்ல. பெரியவங்க பேச்சக் கேட்டு நடக்கணும்னு சொல்லுங்க. அத்தோட முடிச்சிக்கலாம்.”

“அது என் பாடத்துல இல்லைங்க.”

“உங்க ஊட்டுக்காரரு தண்ணி தூக்குறது மட்டும் பாடத்துல இருந்திச்சா?”

“இல்லைங்க. அவரைக் கேக்காமச் சொன்னதும் தப்புதான். இப்ப கேட்டுட்டேன். சொல்லிக்கச் சொல்லிட்டாரு. ரயில்வே குமாஸ்தான்னும் சேத்துச் சொல்லச் சொன்னாரு.”

பின் பெஞ்சில் அடக்கிய சிரிப்பு ஒன்று வெடித்து அடங்கியது. முத்தம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் தலையை நிமிர்த்தியிருந்தாள். தணிகாசலம் அதைப் பார்த்தார். டீச்சரிடம் பேசவந்ததை மறந்தவர்போல மகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் பார்வையை எடுக்கவில்லை.

“சரி” என்றார் கடைசியில். கதவுப் பக்கம் திரும்பினார். “கங்கம்மா, நாளையிலேந்து இவங்க வர வேணாம். இப்பவே சொல்லி அனுப்பிடுங்க.”

வழக்கமாக அவர் சொல்லி முடிப்பதற்குள் கங்கம்மாவிடமிருந்து ஆகட்டுங்க வந்துவிடும். கங்கம்மா கதவோரத்திலிருந்து நகர்ந்து மேஜைக்கு வந்தாள். சாராய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் மூடியைத் தேடி எடுத்துப் போட்டு அணைத்தாள். கருகிய கரண்டியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“இன்னும் எவ்ளோ பாக்கி இந்தப் பாடத்துல?” என்று தாயாரம்மாளைக் கேட்டாள்.

“சகப்பிணைப்பு இருக்குங்கக்கா. தண்ணி, அமோனியா. அப்புறம் கணக்கு.”

“இந்த வாரத்துல முடிஞ்சிடுமா?”

“அடுத்த வாரமும் வேணும்.”

“சரி, நடத்து.”

“கங்கம்மா” என்றார் தணிகாசலம். “நான் சொன்னது கேட்டுச்சா?”

கங்கம்மா கரண்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியின் காம்பு மேஜையில் பட்டுச் சத்தம் போட்டது. தாயாரம்மாள் போர்டின் ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு ஆக்சிஜனுக்கு ஒரு வட்டம் போட்டாள். பிள்ளைகள் நோட்டைப் பிரித்தார்கள். முத்தம்மாளும் பிரித்தாள்.

தணிகாசலம் நின்றார். பிறகு நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.